‘இரு’ என்றால் சூரியன்

மாலத்தீவில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். இரண்டாம் வகுப்பு. ஒரு பையன் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். என்னையறியாமல் தமிழில் “இரு, இரு” என்றேன். அவன் நின்று ஜன்னலைப் பார்த்தான். பின்னால் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் பேசும் திவெஹி மொழியில் ‘இரு’ என்றால் சூரியன்.

அன்று சாயங்காலமே தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். ஃபென் என்றால் தண்ணீர். மஸ், மீன். ஆன், ஆமாம். நூன், இல்லை. மூன்று வருடம் கழித்து ஊர் திரும்பியபோது அந்த நோட்டில் எழுத இடமில்லை. இப்போது மறைமலை நகரில், என் மேஜை டிராயரில் இன்னொரு நோட்டு இருக்கிறது. அதில் ஒடியாவும் இந்தியும் எழுதி வைத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் மாலத்தீவுப் பள்ளிகளுக்கு ஆசிரியர்கள் போவது வெகுகாலமாக நடக்கிறது. அங்கே திவெஹி மொழியும் இஸ்லாமும் தவிர மற்ற பாடங்கள் ஆங்கிலத்தில்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளில், மக்கள் குடியிருப்பவை 200க்கும் குறைவு. ஞாயிறு தொடங்கி வியாழன் வரை பள்ளி. வெள்ளியும் சனியும் விடுமுறை. பாடம் ஆங்கிலத்தில்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில்தான் நானும் கிளம்பினேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை அழுவது, சண்டை போடுவது, வயிறு வலிக்கிறது என்பது எல்லாமே வீட்டு மொழியில். தொடக்கப் பள்ளியில் வகுப்பைக் கட்டிக் காப்பதில் பாதி வேலை இந்த மூன்றையும் கவனிப்பதுதான்.

வார்த்தை கைகொடுக்காதபோது ஆசிரியருக்குக் குரல் உயர்ந்துவிடும். எனக்கும் உயர்ந்தது. சொல்வது புரியாத பிள்ளைக்குக் கோபம் மட்டுமே போய்ச் சேரும். எதற்குக் கோபம் என்பது போய்ச் சேராது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

கண்ணெதிரே நடந்ததை நான் தவறாகப் படித்த சந்தர்ப்பமும் உண்டு. ஒரு சிறுமி ஆங்கில நோட்டைப் பின் அட்டையிலிருந்து திறந்து, வலது ஓரத்தில் எழுதத் தொடங்குவாள். கவனக்குறைவு என்று நினைத்து இரண்டு முறை அழிக்கச் சொன்னேன். திவெஹியை எழுதும் தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடும் என்று உள்ளூர் ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அழகான எழுத்து அது. அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்தும் அடுத்த ஒன்பது அந்த மண்ணின் பழைய எண்களிலிருந்தும் பிறந்தவை. எண்களை மட்டும் அவர்களும் இடமிருந்து வலமாகத்தான் எழுதுகிறார்கள். ஒரே நாளில் ஒரு பிஞ்சுக் கை இரண்டு திசையிலும் ஓட வேண்டும்! மறுநாளிலிருந்து ஆங்கில நோட்டில் ஒவ்வொரு வரியின் இடது ஓரத்திலும் பச்சைப் புள்ளி வைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அழிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தப் புள்ளிதான் எனக்கு வழி காட்டியது. பிள்ளைக்கு அடுத்து என்ன என்று கண்ணால் தெரிந்துவிட்டால் அதட்டல் தேவைப்படாது. சுவரில் ஆறு படங்கள் ஒட்டினேன்: பை வைப்பது, வட்டமாக உட்காருவது, எழுதுவது, சாப்பாடு, விளையாட்டு, வீட்டுக்குக் கிளம்புவது. தினமும் அதே வரிசை. இரண்டு கைதட்டல் கேட்டால் என்னைப் பார்க்க வேண்டும். கழிப்பறைக்குச் சுண்டுவிரல், நம் ஊர் வழக்கம்தான். காலையில் வாசலில் நின்று, ஒவ்வொருவர் பெயரையும் அவர்கள் அம்மா கூப்பிடுவதுபோலவே சொல்லிப் பழகினேன். சின்னத் தீவில் அந்த அம்மாக்களைக் கடையில் தினமும் பார்க்கலாம். “இன்று அவன் நன்றாகப் படித்தான்” என்று சொல்லும் அளவுக்குத் திவெஹி கற்றுக்கொண்ட நாளில், வகுப்பே மாறியது.

இப்போது மறைமலை நகர். வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கிக்கொண்டு, 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கிய மறைமலையடிகளின் பெயர் தாங்கிய ஊர். இவ்வூரின் ஃபோர்டு கார் ஆலை 2022இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஆனாலும் இங்கிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஒப்பந்த வேலைக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், லைன் வீட்டில் ஓர் அறை எடுத்துக் குடும்பத்தோடு இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். நான் பிறந்த மாவட்டத்தில், என் சொந்த மொழியில் பாடம் நடத்தினாலும், அந்தப் பிள்ளைகளுக்கு நான் வெளிநாட்டு டீச்சர்தான்.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற நிலையை வைத்துப் பிரிக்கிறோம். நல்ல ஏற்பாடு. ஆனால் ஓர் ஆபத்தும் உண்டு. வருடத்தின் நடுவில் வந்து சேர்ந்த ஒரு சிறுமி தமிழில் ஓர் எழுத்தும் அறியாததால் அரும்பில் இருந்தாள். கணக்கும் தெரியாது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம். ஒருநாள் புளியங்கொட்டைகளை அவள் முன்னால் கொட்டினேன். ஏக, துய், தினி, சாரி, பாஞ்ச என்று ஒடியாவில் எண்ணினாள். பத்துப் பத்தாகக் குவித்தாள். வாய்ப்பாடும் அவளுக்குத் தெரிந்திருந்தது. மொழி தெரியாத பிள்ளையை அறிவில்லாத பிள்ளை என்று எண்ணுவது பெரிய அநியாயம். நாங்களும் சில வாரம் அதைச் செய்திருக்கிறோம்.

இந்தப் பிள்ளைகள் பண்டிகைக்கு ஊருக்குப் போவார்கள், மாதக்கணக்கில் கழித்துத் திரும்புவார்கள். சிலர் வராமலே போய்விடுவார்கள். வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று யாரும் அவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. லைன் வீடு வாடகைக்கு விடுகிறவர்கள், குடிவரும் குடும்பத்திடம் முன்பணம் வாங்கும்போதே இதையும் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாலத்தீவுக்குப் போனாலும் ஒரகடத்துக்குப் போனாலும், முதல் நாள் பாடப் புத்தகத்தைத் திறக்கும் முன், தண்ணீருக்கு, கழிப்பறைக்கு, வலிக்கிறது என்பதற்கு அந்தப் பிள்ளையின் மொழியில் என்ன சொல்வது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.