பொன்னேரி பஸ்ஸின் கடைசி ஸ்டாப்பில் ஒரு டச்சுத் துறைமுகம்... தெரியுமா?

கும்மிடிப்பூண்டி என்றதும் சிப்காட்டும் கன்டெய்னர் லாரியும்தான் நினைவுக்கு வரும். அதே திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரியில் பஸ் ஏறினால் போய்ச் சேரும் பழவேற்காடு ஒரு காலத்தில் உலகத் துறைமுகம்!

★ சென்னைக்கே அண்ணன்! மதராசில் ஆங்கிலேயர் இடம் பிடித்தது 1639இல். அதற்கு முன்பே, 1613இல், டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்டிரியா கோட்டையை எழுப்பிவிட்டார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று கோட்டை இருந்த இடத்தில் புதர்தான்.

★ துணி கொடு, கிராம்பு வாங்கு! கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த கீழைத் தீவுகளில் நம்மூர்த் துணிக்கு அவ்வளவு கிராக்கி. அதை ஏற்றிப்போகத்தான் கப்பல்கள் இங்கே வந்தன.

★ வாசலில் எலும்புக்கூடு! டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் நுழைவாயிலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள்தான் காவல்!

★ பழைய துறைமுகத்தை மற்ற ஊரில் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், பழைய துறைமுகத்தின் 157 ஹெக்டேர் நிலத்தில் ஹாஃபன்சிட்டி என்ற புது நகரமே எழும்பியிருக்கிறது. வெள்ளம் ஏறாமலிருக்க, கடல்மட்டத்துக்குச் சுமார் 8 மீட்டர் மேலே மேடாக்கிக் கட்டுகிறார்கள். கோகோ மூட்டை அடுக்கிய கிடங்கின் தலையில் 2017இல் ஒரு இசை அரங்கத்தையே திறந்தார்கள்!

★ அங்கே கப்பல் போனதும் கரை காலி. இங்கே டச்சுக்காரன் போய் 200 வருஷமாகியும் கரை காலியாகவே இல்லை! இங்குள்ள ஏரியில் யார் எப்போது எங்கே வலை போடுவது என்று மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ‘பாடு’ இங்கே பிரசித்தம். இருளர் பெண்கள் தண்ணீருக்குள் உட்கார்ந்து, சேற்றைத் தடவி, வெறுங்கையால் இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் பனையோலைப் பறி எங்கே? பல்லில் கடித்தபடி!

★ சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி, இந்தப் பழவேற்காடு ஏரிதான். பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். இவ்வளவுக்கும் உயிர், கடலும் ஏரியும் கலக்கும் முகத்துவாரம். மணல் அடைத்துவிட்டால் இறால் வராது. படகு கடலுக்குப் போகாது. மீனவர்களே மணலை வெட்டி வழி திறந்ததும் உண்டு!

★ தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்க ஒரு திட்டம் வந்தது. கரை அரிக்கும், ஏரி கெடும் என்று மீனவக் கிராமங்கள் எதிர்த்தன.

ஹாம்பர்க் மாதிரி இங்கேயும் ஒரு நகரம் வேண்டும் என்று யார் பிளான் போட்டாலும், முதல் கோடு முகத்துவாரத்தில் விழட்டும். ஏரி செத்த பிறகு அதன் கரையில் அடுக்குமாடி எதற்கு?