பட்டறைப் பாடம் – 7: தரையும் லேத்தின் ஒரு பாகம்

"லேத் எத்தனை அடி?" நம் ஊர்ப் பட்டறைகளில் முதல் கேள்வி இதுதான். பெட்டின் நீளத்தைச் சொல்லியே விலை பேசிப் பழகிவிட்டோம். சின்ன லேத்துக்கு அது போதும். சர்க்கரை ஆலையில் கரும்பு பிழியும் ரோலரைப் போலப் பல டன் கனக்கும் ஜாப்பைக் கடைய நினைப்பவர், மெஷின் எவ்வளவு எடை தாங்கும் என்பதை முதலில் கேட்கவேண்டும். இரண்டு சென்டர்களுக்கு நடுவே எவ்வளவு, சக்கில் மட்டும் பிடித்தால் எவ்வளவு என்று தனித்தனியாக.

அடுத்தது ஸ்விங். கேட்லாக்கில் பெரிய எழுத்தில் இருப்பது பெட்டுக்கு மேலே கிடைக்கும் ஸ்விங். நீளமான ஜாப் கிராஸ் ஸ்லைடுக்கு மேலே அல்லவா சுற்றும்? அங்கே இடம் எப்போதும் குறைவு. ஒரு மீட்டர் ஸ்விங் என்று நம்பி வாங்கிய மெஷினில் 800 மி.மீ. ரோலர் ஏறாமல் போகலாம்.

பழைய மெஷின் வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. 1953ல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி.யின் லேத் என்றால் இன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். பெயின்ட் புதிதாக இருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சேடிலைச் சக்கின் பக்கம் கொண்டுவந்து, லேசாக இறுகும்படி அதன் ஸ்க்ரூவைச் சரிசெய்துவிட்டு, டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டிப் பாருங்கள். போகப்போக இறுகினால், சக்கின் அருகே பெட் தேய்ந்திருக்கிறது.

மெஷின் வந்தாயிற்று. இனித்தான் வேலையே. பார்க்க மலைபோல் இருந்தாலும் நீளமான பெட் தன் எடையிலேயே முறுக்கிக்கொள்ளும். அதை நேராக வைத்திருப்பது கீழே உள்ள கான்கிரீட். பட்டறைத் தரையோடு ஒட்டாத தனி அஸ்திவாரம் வேண்டும். அது நன்றாக இறுகும்வரை பொறுமையும் வேண்டும். கலாசிகள் மெஷினைத் தூக்கி வைக்கும்போது கயிறு லீட் ஸ்க்ரூவை அழுத்தாதபடி மரக்கட்டை கொடுத்தாகவேண்டும்.

லெவல் பார்க்கக் கொத்தனாரின் ரசமட்டம் உதவாது. மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வை ஒரு கோடாகக் காட்டும் லெவல் தேவை. அவ்வளவு நுணுக்கமா என்று கேட்காதீர்கள். பெட்டின் ஒரு முனை மற்ற முனையைவிட அந்த ஒரு கோடு அளவு குறுக்கே சாய்ந்திருந்தால், சென்டர் 500 மி.மீ. உயரத்தில் உள்ள லேத்தில் டூல் 0.01 மி.மீ. நகர்கிறது. விட்டத்தில் அது 0.02 மி.மீ. வித்தியாசம். டர்னர் டெயில்ஸ்டாக்கைத் திட்டிக்கொண்டிருப்பார். கோளாறு தரையில் இருக்கும்.

ஃபவுண்டேஷன் போல்ட்டை இறுக்கினாலே லெவல் மாறும். ஆகவே இறுக்கியபின் மறுபடி பார்க்கவேண்டும், சில வாரம் ஓடியபின் இன்னொரு முறையும். கடைசியில், சக்கில் மட்டும் பிடித்த ஒரு தடித்த கம்பியை மெல்லிய வெட்டாகக் கடைந்து, இரு முனையிலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு அளவும் ஒத்துவரும்வரை விற்றவருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.