என்ஜினைத் திறந்தபோது – 9: மூன்றரை மில்லிமீட்டர்

செவ்ரோலே 350-இன் பிளாக் ரீபோர் முடிந்து வந்துவிட்டது. 4 அங்குலமாக இருந்த சிலிண்டர் விட்டம் இப்போது 4.030. பழைய பிஸ்டன்கள் இனி ஆகாது, ஓவர்சைஸ் வாங்கியே தீர வேண்டும். பேரிங், ரிங், கேஸ்கெட் எல்லாம் புதிதுதான். கிராங்க் தனியாக மேஜையில் கிடக்கிறது. அதையும் மாற்றிவிடலாமா என்று யோசிக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. என்ஜினை இறக்கிய கூலியும் பிரித்த கூலியும் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது.

ரீபோரால் மட்டும் எட்டு சிலிண்டருக்கும் சேர்த்துக் கூடுவது சுமார் 86 சிசி. ஸ்ட்ரோக்கை 3.48 அங்குலத்திலிருந்து 3.75-க்கு நீட்டினால், அதற்கு மேல் இன்னும் 450 சிசி வருகிறது. மொத்தக் கொள்ளளவு 383 கன அங்குலம், ஏறத்தாழ 6.3 லிட்டர். பிளாக் அதேதான், பானெட்டுக்குள் அது அடைக்கும் இடமும் அதேதான். அமெரிக்க ஷெட்களில் '383 ஸ்ட்ரோக்கர்' என்ற பேச்சு இத்தனை காலமாக ஓயாததற்கு இந்தக் கணக்கே காரணம்.

இது செவ்ரோலே போட்ட திட்டமல்ல. 1970-இல் அந்த நிறுவனம் இதே குடும்பத்தில் 400 கன அங்குல என்ஜின் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் ஸ்ட்ரோக் 3.75. பழைய இரும்புக் கடைகளில் கிடந்த அந்த கிராங்க்கைப் பந்தயப் பித்தர்கள் எடுத்து வந்தார்கள். அதன் மெயின் ஜர்னல் 2.65 அங்குலம், 350-க்கு வேண்டியது 2.45. கிரைண்டரில் ஏற்றி ஐந்து மில்லிமீட்டர் குறைத்து 350-க்குள் உட்கார வைத்தார்கள். இன்று கிட் வாங்கினால் சரியான ஜர்னலோடு கிராங்க், ராடு, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடுகின்றன. ஆனாலும் வாங்குமுன் பிளாக்கின் வயதைப் பார்த்துவிடுங்கள். 1986-இல் பின்பக்க ஆயில் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டாக மாறியது. ஒன்றுக்குச் செய்த கிராங்க் மற்றதற்கு அப்படியே பொருந்தாது.

பாலன்ஸ் விஷயமும் அப்படியே. 400-இன் கிராங்க்கில் எதிர்எடை முழுவதையும் உள்ளேயே வைக்க இடமில்லை. மீதி எடையை முன்னால் டேம்பரிலும் பின்னால் ஃபிளைவீலிலும் வைத்தார்கள். அந்த வகை கிராங்க்கோடு பழைய 350-இன் டேம்பரை மாட்டினால் அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும்.

இனி மூன்றரை மில்லிமீட்டருக்கு வருவோம். ஸ்ட்ரோக் நீண்டது சற்றுக் குறைய ஏழு மில்லிமீட்டர். அப்படியென்றால் ராடு மாட்டும் கிராங்க் பின், மையத்திலிருந்து அதில் பாதி கூடுதலாக விலகியிருக்கிறது, சுமார் 3.4 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலே போகும்போது அவ்வளவு கூடுதலாக ஏறும். அப்படியே விட்டால் ஹெட்டில் மோதும். அதனால் கிட்டில் வரும் பிஸ்டனில் பின் துளையை அதே 3.4 மில்லிமீட்டர் மேலே தூக்கியிருப்பார்கள். 5.7 அங்குல ராடு மாறவே தேவையில்லை. மேல்பக்கச் சிக்கலைத் தயாரித்தவரே தீர்த்துக் கொடுத்துவிடுகிறார்.

கீழ்பக்கச் சிக்கல் நம்முடையது. ராடின் பெரிய முனை இப்போது அகலமான வட்டம் போடுகிறது. அதன் போல்ட் சிலிண்டரின் அடி விளிம்பை உரசலாம், ஆயில் பான் மாட்டும் ஓரத்தை உரசலாம், மேலே சுழலும் கேமின் முட்டையிலும் இடிக்கலாம். எங்கே எவ்வளவு என்பது ராடுக்கு ராடு மாறும். 'பொருந்தும்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி நேராகப் பூட்டிவிடாதீர்கள். இந்தத் தொடரில் நான் கெஞ்சிக் கேட்கும் ஒரே விஷயம் இதுதான்.

முதலில் ரிங் இல்லாமல் பூட்டுங்கள். கேமையும் டைமிங் செயினையும் மாட்டிக்கொண்டு கிராங்க்கைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். ஒரு சுற்று போதாது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும், முதல் சுற்றில் தப்பியது இரண்டாவதில் இடிக்கும். எட்டு ராடையும் பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டர் கம்பி ஒன்றை இடைவெளியில் விட்டுப் பாருங்கள். நுழையாத இடத்தில் மார்க்கரால் குறியிடுங்கள். பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, குறியிட்ட இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிரைண்டரால் தேய்க்க வேண்டும். ஆத்திரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் இரும்புக்குப் பின்னால் தண்ணீர் ஜாக்கெட் இருக்கிறது. கேமில் இடித்தால் ராடைத் தேய்க்க நினைக்காதீர்கள். அதற்கென்றே அடிவட்டம் சிறுத்த கேம் கிடைக்கிறது.

கம்ப்ரெஷனையும் இப்போதே கணக்கிட வேண்டும். எரியறை அதே அளவில் இருக்க, அதற்குள் நெருக்கும் காற்று கூடிவிட்டது. 9-க்கு 1 என்று இருந்தது, வேறெதையும் மாற்றாமலே 9.7-ஐத் தாண்டும். பழைய இரும்பு ஹெட்டும் சாதாரண பெட்ரோலும் என்றால் நாக்கிங் கேட்கும். தலையில் குழிவுள்ள பிஸ்டனைத் தேர்ந்தெடுத்தால் தொல்லையில்லை.

இத்தனைக்கும் பலன் என்ன? அதிக வேகச் சுற்று அல்ல. 5,500 ஆர்பிஎம்மில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 16 மீட்டரிலிருந்து 17.5-க்கு ஏறிவிடுகிறது, அங்கே இதை விரட்டுவது நல்லதல்ல. 2,500-இல் ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் கனத்த வண்டி முன்னே நகர்கிறதே, அந்த இழுவைக்காகத்தான் இவ்வளவும். சாலையில் ஓட்டும் காருக்கு அதுதான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தேய்த்து முடித்ததும் பிளாக்கைச் சோப்பு கலந்த வெந்நீரில் கழுவுங்கள். ஆயில் ஓடும் ஒவ்வொரு துளையிலும் நீளமான பிரஷ்ஷை விட்டுத் தேயுங்கள். வெள்ளைத் துணியால் சிலிண்டரைத் துடைத்து, துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை கழுவுங்கள். காற்றடித்து உலர்த்தி, உடனே ஆயில் பூசி, பாலிதீன் உறை போட்டு மூடி வையுங்கள். அடுத்த வாரம் ரிங் இடைவெளி பார்த்து, நிஜமாகவே பூட்டுவோம்.

(தொடரும்)