முறுக்கு மாதிரி ஒரு காந்தம்

எங்க லேப் காந்தத்தை வெளியிலிருந்து பார்த்தா பெரிய பால் கேன் மாதிரிதான் இருக்கும். உள்ளே திரவ ஹீலியத்தில் மூழ்கிய மீகடத்திக் கம்பிச்சுருள். இந்த ஊர்க் குளிரே எனக்குத் தாங்கலை, அங்கே மைனஸ் 269 டிகிரி!

அந்தக் குளிரில் சுமார் 9 டெஸ்லா வரைக்கும் நயோபியம்-டைட்டானியம் கம்பி போதும்; வளைச்சா வளையும். அதுக்கு மேலே போகணும்னா நயோபியம்-டின். வில்லங்கமான பார்ட்டி, வளைச்சா நொறுங்கிடும். அப்புறம் எப்படிச் சுத்துறாங்க? நம்ம முறுக்கு டெக்னிக்தாங்க. மாவா இருக்கும்போதே பிழிஞ்சுட்டு எண்ணெயில் போடுறோமில்ல? அதே மாதிரி நயோபியமும் வெள்ளீயமும் செம்புக்குள்ளே தனித்தனியா இருக்கும்போதே கம்பியைச் சுத்திடுறாங்க. பிறகு சுருளோட சுமார் 650 டிகிரி உலையில் பல நாள். வெள்ளீயம் ஊடுருவி நயோபியத்தோட சேர்ந்து, அங்கேதான் மீகடத்தியே உருவாகுது. அந்தச் சூட்டில் சாதாரண இன்சுலேஷன் கருகிடும், அதனால் கண்ணாடி இழை.

கடைசியா எபாக்சி ஊத்தி இறுக்கணும். கம்பி மைக்ரோமீட்டர் கணக்கில் நகர்ந்தாலே போதும், உரசுற சூட்டில் அந்த இடத்துக்கு மின்தடை வந்துடும். சூடு பரவி ஹீலியம் கொதிச்சு உஸ்ஸுன்னு கிளம்பிடும். இதுக்குப் பேர் குவென்ச். ஹீலியம் விக்கிற விலைக்கு, கரண்ட் ஏத்தும்போது நான் மூச்சுகூட மெதுவாத்தான் விடுறேன் :-)