இடைவிலகலும் கல்வி ஆலோசனையும்

ஒரு கல்லூரியின் பெருமையை அளக்கப் புகுவோர், அதன் வாயிலினுள்ளே ஆண்டுதோறும் எத்தனை பேர் நுழைகின்றனர் என்றே பெரும்பாலும் கேட்கின்றனர். நுழைந்தோருள் எத்தனை பேர் பட்டம் பெற்று வெளியேறினர் என்னும் கேள்வி அத்துணை எளிதில் எழுவதில்லை. பரீட்சையிலே தவறியவருக்குப் பெறுபேற்றுப் பட்டியலில் ஓரிடம் உண்டு. ஒருநாள் வகுப்புக்கு வாராது நின்று, மறுவாரமும் வாராது, எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் மறைந்துபோகும் மாணவருக்கு அதுவும் இல்லை. இவ்வாறு கல்வியை இடைநடுவிலே கைவிட்டு நீங்குவதையே இடைவிலகல் என்பர்.

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே இஃது ஒரு பெரும் பிரச்சினையாக வளர்ந்துள்ளது. கல்லூரியிலே சேர்ந்து, பட்டமோ சான்றிதழோ பெறாமல் விலகி, உழைக்கும் வயதில் இருப்போர் அந்நாட்டில் மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர் என 2020களின் தொடக்கத்தில் கணக்கிடப்பட்டது. அவர்களுட் பலர் கடன்பட்டுக் கற்றவர்கள். பட்டம் கிட்டியிருந்தால் நல்ல உத்தியோகம் பெற்று அக்கடனைத் தீர்த்திருப்பர். பட்டம் கைநழுவிய பின்னரோ கடன்மட்டுமே எஞ்சுகின்றது. குடும்பத்திலே முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய பிள்ளைக்கு இவ்விழப்பு நேருமாயின், பின்வரும் தம்பி தங்கையரின் ஊக்கமும் அதனோடு குன்றிவிடுகின்றது.

விலகுவோர் யாவரும் அறிவுக் குறைவினாலோ சோம்பலினாலோ விலகுகின்றனர் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவிற்று. வின்சென்ட் டின்டோ என்னும் அறிஞர் 1975 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரை இவ்வெண்ணத்தை வலுவாக அசைத்தது. ஒரு மாணவர் நிலைப்பதும் நீங்குவதும் அவர்தம் திறமையை மாத்திரம் பொறுத்தவையல்ல. கல்லூரியின் படிப்போடும் அங்குள்ள மனிதரோடும் அவர் எவ்வளவு ஒன்றிவிடுகின்றார் என்பதையும் பொறுத்தவை என அவர் எடுத்துரைத்தார். பழைய வீட்டை விட்டுப் புதிய சமுதாயம் ஒன்றினுட் புகுபவர், அங்கே தமக்கோர் இடம் உண்டு என்று உணராவிடின் மெல்லப் பின்வாங்குவர். ஆதலால் மாணவர் விலகியதற்குக் காரணம் தேடுபவர் மாணவரை மாத்திரமன்றிக் கல்லூரியையும் ஆராய வேண்டியவராயினர்.

அமெரிக்கக் கல்லூரிகளின் அமைப்பைச் சிறிது அறிந்தால் இதன் பொருள் தெளிவாகும். பாடத்திட்டம் முழுவதும் முன்னரே வகுக்கப்பட்ட கல்லூரிகளை அறிந்த நேயர்களுக்கு அங்குள்ள முறை புதுமையாகத் தோன்றலாம். 1869 ஆம் ஆண்டில் ஹாவார்ட் கல்லூரியின் தலைமையை ஏற்ற சார்ல்ஸ் எலியட், மாணவர் தாம் கற்கும் பாடங்களைத் தாமே தெரிந்துகொள்ளும் முறையை அங்கு விரிவாக்கினார். பிற கல்லூரிகளும் அதனைப் பின்பற்றின. ஒவ்வொரு பாடநெறிக்கும் இத்தனை அலகு என்னும் கணக்குண்டு. நான்காண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 120 அலகுகளும், ஈராண்டுப் பட்டத்துக்கு 60 அலகுகளும் சேர வேண்டும். ஆனால் எந்த அலகும் எந்தப் பட்டத்துக்கும் உதவும் என்பதன்று. ஒரு பாடத்தைத் தொடங்குமுன் வேறொன்றை முடித்திருத்தல் வேண்டும். ஆண்டில் ஒரு தவணைக்கு மாத்திரம் நடைபெறும் பாடங்களும் உள. ஒருமுறை பிழையாகத் தெரிவுசெய்த மாணவர் ஓராண்டையும் அதற்குரிய பணத்தையும் இழக்கக்கூடும். தெரிவுச் சுதந்திரம் வந்த இடத்தில் வழிகாட்டியும் வேண்டியதாயிற்று. ஆகவே 1889 ஆம் ஆண்டில் ஹாவார்டிலேயே முதலாண்டு மாணவருக்கென ஆலோசகர் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

ஆலோசகர் என்பவர் கையொப்பமிட்டுப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பவர் மாத்திரமல்லர். மாணவர் எந்தத் தொழிலை நாடுகின்றார், அதற்கு எப்பாடங்களை எவ்வொழுங்கிற் கற்றல் வேண்டும், வேலைக்குச் செல்லும் நேரம் போகப் படிப்புக்கு எத்தனை மணி எஞ்சுகின்றது என்பனவற்றை ஆராய்ந்து வழிசொல்பவரே ஆலோசகர். முதற் பரீட்சையிலே புள்ளி குறைந்தவுடன் மாணவரை அழைத்துப் பேசுவதும் அவர் கடமையாகும். மாணவர் கலங்கி நிற்கும் வேளையிலே பெயர் சொல்லி அழைக்க ஒருவர் இருப்பதே பெரும் பலமாகும்.

இனி, முதலாண்டு வழிகாட்டல் வகுப்பை நோக்குவோம். 1911 ஆம் ஆண்டில் ரீட் கல்லூரி இத்தகைய வகுப்பைப் பட்டத்துக்குரிய அலகுகளோடு நடத்தியது. எனினும் இக்காலத்து வகுப்புகளுக்கு முன்மாதிரியாக அமைந்தது தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தின் முயற்சியே. 1970 ஆம் ஆண்டு மே மாதத்தில், வியட்நாம் போரை எதிர்த்துக் கிளர்ந்த மாணவர் அப்பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டிடத்தினுட் புகுந்தனர். அப்போது தலைவராயிருந்த தோமஸ் ஜோன்ஸ், அடக்குமுறையோடு அமையாது, மாணவர் பல்கலைக்கழகத்தின்மேற் பற்றுக்கொள்ளச் செய்வது எங்ஙனம் என்று சிந்தித்தார். அச்சிந்தனையின் பயனாக 1972 இல் ‘பல்கலைக்கழகம் 101’ என்னும் பாடநெறி தோன்றிற்று. பின்னர் ஜோன் கார்ட்னர் என்பார் அதனை நடத்தி நாடறியச் செய்தார். சிறு சிறு வகுப்புகளாகப் பிரித்து நடத்துவதும், கற்பிப்போருக்கு முதலிற் பயிற்சி அளிப்பதும் அதன் சிறப்பியல்புகள்.

இவ்வகுப்பிலே கற்பிக்கப்படுவன கடினமான தத்துவங்களல்ல. விரிவுரையைக் கேட்டுக் குறிப்பெடுக்கும் முறை, நூலகத்தைப் பயன்படுத்தும் முறை, பரீட்சைக்கு ஆயத்தமாகும் முறை ஆகியன அங்கே இடம்பெறுகின்றன. வாரத்துக்கு 15 மணி நேரம் வகுப்பில் இருப்பவர் அதற்கு வெளியே 30 மணி நேரம் தாமே கற்க வேண்டும் என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் வழங்கும் ஒரு பொதுக்கணக்கு. புதிய மாணவர் பலர் இதனை அறிவதில்லை. விரிவுரையாளர் தம் அறையிலே மாணவரைச் சந்திப்பதற்கென ஒதுக்கும் நேரத்தைத் தண்டனைக்குரிய நேரமென எண்ணி அஞ்சுவோரும் உண்டு. படித்த பெற்றோரின் பிள்ளைகள் உணவு மேசையிலேயே கேட்டறியும் இச்செய்திகளை ஏனையோர்க்கு எடுத்துச் சொல்லக் கல்லூரியைத் தவிர வேறு எவரும் இலர்.

ஆயினும் இவ்வகுப்பு ஒன்றே போதுமா என்னும் ஐயம் நியாயமானதே. வட கரோலினாவிலுள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில் நடைபெற்ற ஆராய்ச்சியின் முடிவுகள் 2012 இல் வெளியாயின. வழிகாட்டல் வகுப்பிற் பயின்றோர் தம்மைத் தாமே அறிவதிலும் தம் காலத்தை ஆள்வதிலும் முன்னேறியிருந்தனர். ஆனால் மொத்தத்தில் அவர்களுடைய கல்விப் பெறுபேறுகள் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை. நீந்தும் முறையைக் கரையில் நின்று கற்பித்துவிட்டு, மாணவரை ஆற்றிலே தனியே விடுவதாற் பயனில்லை என்பதை இம்முடிவு உணர்த்திற்று.

வகுப்பையும் ஆலோசனையையும் பண உதவியையும் ஒருங்கே அளித்தால் விளைவது யாது? நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007 ஆம் ஆண்டில் தன் சமுதாயக் கல்லூரிகளில் இதனைச் செயலிற் காட்டத் தொடங்கிற்று. இத்திட்டத்திற் சேர்ந்த மாணவர் முழுநேரமாகக் கற்றல் வேண்டும். பிற உதவிகளுக்குப் பின்னும் எஞ்சும் கட்டணம் அவர்களுக்கு விலக்களிக்கப்பட்டது. பாடநூல்களும், ரயிலிலும் பஸ்ஸிலும் செல்வதற்கான இலவச அட்டையும் வழங்கப்பட்டன. வழிகாட்டல் வகுப்பும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஓர் ஆலோசகரின் பொறுப்பில் 60 முதல் 80 மாணவர் மாத்திரமே இருந்தனர். அதே கல்லூரிகளில் ஏனைய மாணவருக்கோ 600 பேர் முதல் 1500 பேருக்கு ஓர் ஆலோசகரே இருந்தார். அத்துணைப் பேரையும் பெயரால் அறிதல் எவர்க்கும் இயலாது.

இத்திட்டத்தின் பயனை அறிய, 896 மாணவர் குலுக்கல் முறையில் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். மூன்றாண்டு முடிவிலே, திட்டத்தின் உதவி பெறாத பிரிவினருள் நூற்றுக்கு 22 பேர் பட்டம் பெற்றனர். உதவி பெற்றவருள் நூற்றுக்கு 40 பேர் பட்டம் பெற்றனர். மாணவர் ஒருவருக்குச் செலவு கூடியது உண்மையே. ஆனால் பட்டம் பெற்றோர் தொகை பெருகியமையால், ஒரு பட்டத்துக்கு விழுந்த செலவு உண்மையிற் குறைந்தது. ஒஹாயோ மாநிலத்தின் மூன்று கல்லூரிகள் இதே முறையைக் கைக்கொண்டபோதும், நூற்றுக்கு 19 ஆக இருந்த தொகை 35 ஆயிற்று. எனவே இப்பயன் நியூயோர்க் நகருக்கு மாத்திரம் உரியதன்று.

அட்லாண்டா நகரிலுள்ள ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் வேறொரு வழியையும் சேர்த்துக்கொண்டது. 2012 முதல் கணனியின் துணைகொண்டு, மாணவர் தளர்வதற்கான 800 வரையிலான அறிகுறிகளை நாள்தோறும் கவனித்து, ஆலோசகருக்கு அறிவிக்கும் முறை அங்கே நடைபெறலாயிற்று. சில நூறு டொலர் கட்டணம் குறைந்தமையால் வகுப்பை இழக்கும் நிலையிலிருந்தோர்க்குச் சிறு கொடைகளும் வழங்கப்பட்டன. 2003 இல் நூற்றுக்கு 32 ஆக இருந்த பட்டதாரிகளின் வீதம் பின்னர் 50ஐக் கடந்தது.

முன்னறிவு ஒரு கருவி. அதனை எடுக்கும் கையின் நோக்கமே அதன் பயனைத் தீர்மானிக்கின்றது. மேரிலாந்து மாநிலத்தில் ஒரு கல்லூரியின் தலைவர், விலகக்கூடிய புதிய மாணவரை வினாத்தாள் வாயிலாகக் கண்டறிந்து, தொகைக் கணக்கெடுக்கப்படுமுன் அவர்களை வெளியேறத் தூண்ட எண்ணினார். அவர்கள் கணக்கில் ஏறாவிடின், நிலைப்போரின் வீதம் உயர்ந்து தோன்றும் என்பதே அவர் கருத்து. 2016 தொடக்கத்தில் மாணவர் பத்திரிகை இதனை வெளிப்படுத்தவே, கண்டனம் மூண்டு அவர் பதவி துறக்க நேர்ந்தது. கைதூக்கிவிட வேண்டிய மாணவரைக் கழித்துவிட்டு வீதத்தை உயர்த்துதல் கல்விப்பணியாகாது.

ஒரு மாணவரைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரி, அவர்தம் கட்டணத்தோடு ஒரு குடும்பத்தின் நம்பிக்கையையும் பெற்றுக்கொள்கின்றது. அந்நம்பிக்கையைக் காக்கும் வழிகள் இன்று அறியப்பட்டுள்ளன: முதற்றவணையிலேயே கற்கும் முறையைக் கற்பித்தல், மாணவரைப் பெயரால் அறியும் ஆலோசகரை அளித்தல், சிறு பணமுடை பெரும் இழப்பாகாமற் காத்தல். இவை தனித்தனியே நின்றாற் சிறிதே பயன் தரும். இணைந்து நீடித்து நின்றால், பட்டம் பெறுவோரின் தொகையை ஏறத்தாழ இருமடங்காக்கவும் வல்லன. வகுப்பிலே ஒரு நாற்காலி வெறுமையாகும்போது, அதிலே இருந்தவர் எங்கே என்று அன்றே ஒருவர் கேட்க வேண்டும். அக்கேள்வி ஆண்டு முடிவில் எழுவதாற் பயனில்லை.