பழைய பாணி கன்ட்ரோலர்: எறியும் முன் திறந்து பாருங்கள்

கோடை விடுமுறைக்கு நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் உறவுக் குழந்தைகள் வந்துவிட்டால், திருவனந்தபுரத்தில் உள்ள நம் வீடுகளில் டி.வி.க்கு முன்னால் முதல் சண்டை விளையாட்டுக் கன்ட்ரோலருக்குத்தான். 1990-களில் வயர் தொங்க நாம் விளையாடிய அதே வடிவம் இன்று வயர் இல்லாமல், புளூடூத்தில் இயங்குவதாக மறுபடி கடைக்கு வந்திருக்கிறது. பொத்தான் ஒன்று சரியாக வேலை செய்யாவிட்டால் உடனே புதிது கேட்கிறார்கள் பிள்ளைகள். பெரும்பாலான பழுதுகள் வீட்டிலேயே தீரக்கூடியவை என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

உள்ளே என்ன இருக்கிறது?

சிலுவை வடிவப் பொத்தானை 1982-இல் அமைத்தவர் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனப் பொறியாளர் குன்பெய் யொகோய். அடுத்த ஆண்டு வந்த 'ஃபேமிகாம்' கருவியில் முதலில் சதுர ரப்பர் பொத்தான்கள் இருந்தன. அவை உள்ளே சிக்கிக்கொண்டதால் வட்டமான பிளாஸ்டிக் பொத்தான்களாக மாற்றினார்கள்.

பொத்தானுக்கு அடியில் குமிழ் குமிழாக ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். ஒவ்வொரு குமிழின் அடியிலும் கரிப்பூச்சு உள்ள சிறு வட்டு. பொத்தானை அழுத்தினால் வட்டு சர்க்யூட் போர்டைத் தொட்டு மின்சாரம் பாய வழி செய்கிறது. டி.வி. ரிமோட்டின் உள்ளேயும் இதே அமைப்புதான். ஆகவே ரிமோட் கெடும் விதமாகத்தான் இதுவும் கெடும்: அழுக்கு, ஈரம், ரப்பர் தேய்மானம்.

நம் ஊருக்கு உரிய தொல்லை ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கு உண்டு. கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றும் சேர்கிறது. இவற்றோடு கை வியர்வையும் பலகாரத் தூளும் கலந்து கரிவட்டின் மேல் படலமாகப் படிகின்றன. அழுத்தினாலும் வேலை செய்யாததற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் படலமே.

சுத்தம் செய்யும் முறை

கன்ட்ரோலரை அணைத்து, சார்ஜர் வயரைக் கழற்றிவிடுங்கள். அளவான திருப்புளியால் பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, எது எங்கே இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில மாடல்களில் லேபிளுக்கு அடியிலும் திருகு மறைந்திருக்கும். பேட்டரி பிளக் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் லேசாகத் தொட்டு போர்டைத் துடைக்கலாம். கரிவட்டைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பூச்சே போய்விடும். நன்றாக உலர்ந்த பிறகு மூடுங்கள். ரப்பர் கிழிந்திருந்தால், அந்த மாடலுக்குத் தனி விரிப்பு கிடைக்கிறதா என்று பாருங்கள்.

பேட்டரியில் கவனம்

பழைய கன்ட்ரோலரில் முதலில் அறுவது வயர். வயர் போன பின் அந்த இடத்தை பேட்டரி பிடித்துக்கொண்டது. லித்தியம் பேட்டரி ஒருநாள் தேய்ந்தே தீரும். முழுவதும் தீர்ந்த நிலையில் மாதக்கணக்கில் பெட்டியில் கிடந்தாலும், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டாலும் சீக்கிரம் கெடும். பாதி சார்ஜில் நிழலான இடத்தில் வைப்பது நல்லது.

புது பேட்டரி போடும்போது வோல்ட், அளவு, பாதுகாப்பு சர்க்யூட் மூன்றும் பொருந்த வேண்டும். பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் சிவப்பு, கறுப்பு வயர்களின் வரிசை மாறியிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்காமல் செருகாதீர்கள். உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது, தீப்பிடிக்கும். இந்த வேலையைக் குழந்தைகளிடம் விடவே கூடாது.

இணைப்பு அடிக்கடி விட்டுப்போனால் அது பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. சற்று நெருங்கி உட்கார்ந்து, பழைய இணைப்பை அழித்துவிட்டுப் புதிதாக இணைத்துப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜர் குழி ஆடினால் சால்டரிங் தெரிந்த மொபைல் ரிப்பேர் கடைக்காரரிடம் கொடுப்பதே நல்லது.

வாங்கும்போதே யோசியுங்கள்

ஒட்டாமல் திருகு போட்டு மூடியதா, பேட்டரியைக் கழற்ற முடியுமா என்று விசாரியுங்கள். சாதாரண பேட்டரி செல் போடும் மாடல் இன்னும் எளிது. சுழல் குச்சி இல்லாத மாடலில், விடாமல் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும் கோளாறுக்கு இடமில்லை. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தனி இணையதளம் தொடங்கியது. அதனால் உதிரிபாகம் கிடைக்குமா என்று கடையில் கேட்கத் தயங்க வேண்டாம்.

எதுவும் செய்ய முடியாமல் போனால் பேட்டரியையும் கருவியையும் குப்பையில் போடாமல் மின்கழிவாகத் தனியே கொடுங்கள். ஹரித கர்ம சேனையிடம் விசாரியுங்கள். அதற்கு முன் ஒருமுறை பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து மூடியைத் திறந்து காட்டுங்கள். கெட்டதைச் சரிசெய்யலாம் என்ற எண்ணம் சிறு வயதில் பதிந்துவிட்டால், அது கன்ட்ரோலரோடு நின்றுவிடாது.