ஸ்காட்லாந்துத் தோட்டமும் செங்கல் வேலியும்

எடின்பரோ நகரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், சென்ற ஆண்டு மே மாதம் குடும்பத்துடன் அந்நாட்டுத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஏராளமான படங்களை அனுப்பியிருந்தான். மலைச்சரிவு முழுவதும் சிவப்பும் ஊதாவுமாகப் பூத்துக் குலுங்கும் ரோடோடென்ட்ரான் செடிகள், கடலோரப் பாறைமேல் ஒரு தோட்டம், வானை முட்டும் மரங்கள் வரிசையாக நிற்கும் ஒரு சாலை. வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பார்த்தோம்.

என் அம்மைக்கு எண்பது வயது கடந்துவிட்டது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவர் கடைசியில், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்ளே. ஆனா இதுல ஒண்ணுக்கும் எனக்குப் பேரு தெரியல்லியே" என்றார்.

அந்த ஒரு சொல்தான் எங்களை வீட்டை விட்டுக் கிளம்ப வைத்தது.

படங்களில் இருந்த தோட்டங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கடலோரப் பாறைமேல் இருப்பது இன்வெரூ தோட்டம். மாஸ்கோவைக் காட்டிலும் வடக்கே இருக்கும் இடம் அது. 1862-இல் ஆஸ்குட் மெக்கன்சி என்பவர் அதைத் தொடங்கியபோது அங்கே நல்ல மண்கூடக் கிடையாதாம். அவர் பூச்செடிகளை முதலில் வைக்கவில்லை. கடற்காற்றைத் தடுக்கச் சுற்றிலும் மரவேலி வைத்து, அது வளரும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். அட்லாண்டிக் கடலின் வெப்ப நீரோட்டம் அக்கரையோரத்தைக் கடுங்குளிரிலிருந்து காப்பதால், அந்த வேலிக்குள் வெளிநாட்டுச் செடிகளும் தழைத்தன. மரச்சாலை இருப்பது பென்மோர் தோட்டத்தில். அந்தச் செம்மரங்கள் 1863-இல் நடப்பட்டவை. எடின்பரோ அரசத் தாவரவியல் பூங்காவின் கிளைத் தோட்டம் அது. தலைமைப் பூங்காவோ 1670-இல் மருத்துவர் இருவர் வைத்த சிறு மூலிகைத் தோட்டமாகத் தொடங்கியது.

அந்தப் பூங்காவில் நம் நாட்டுச் சொத்தும் இருக்கிறது. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-இல் சென்னைக்கு வந்து, பாளையங்கோட்டை, குற்றாலம் என்று தென்னாடெங்கும் செடிகளைத் திரட்டினார். அவற்றை வண்ணத்தில் வரைந்து கொடுத்தவர்கள் இரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர்கள். அவ்வோவியங்கள் பல இன்று எடின்பரோவில் பாதுகாக்கப்படுகின்றன. "நம்ம ஊர்ச் செடியைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது மாமா" என்று அக்காள் மகன் எழுதியிருந்தான். வர வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

செங்கல், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இரு வகை. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கமிருந்து தொழிலுக்காக வந்தவர்கள் ஒரு வகை. வந்து சேராதவர்கள் இன்னொரு வகை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றதால், இருந்த இடத்திலேயே எல்லைக்கு இப்புறம் ஆனவர்கள் அவர்கள். எங்கள் குடும்பம் அந்த வகை. நம் பிள்ளைகள் மலையாளமும் ஆங்கிலமும் நன்றாகப் படிக்கிறார்கள். அது நல்லதுதான். ஆனால் வேலியில் நிற்கும் செடியின் தமிழ்ப் பெயரைக் கேட்டால் விழிக்கிறார்கள். என் மகளும் அப்படித்தான்.

அம்மையின் நிலையும் ஒன்று சொல்ல வேண்டும். கடந்த இரண்டு மழைக்காலமாக அவர் நினைவு தடுமாறுகிறது. பேத்தியை இறந்துபோன தம் தங்கையின் பெயரால் அழைக்கிறார். காலையில் சாப்பிட்டதை மதியம் மறந்துவிடுகிறார். வெளியே அழைத்துச் சென்றால் களைத்துப் போவாரோ என்று தயங்கினோம். மருத்துவரோ, "தாராளமாகக் கூட்டிப் போங்கள்" என்றார்.

முதல் சனிக்கிழமை திருவனந்தபுரம். உதியன்குளங்கரையில் பேருந்து ஏறினோம். தம்பானூரிலிருந்து ஆட்டோவில் மியூசியம் வளாகம். அருங்காட்சியகம், மிருகக்காட்சிசாலை, பூந்தோட்டம் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 55 ஏக்கர். நாம் எத்தனையோ முறை போயிருக்கிறோம். ஆனால் அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பது பலருக்கும் தெரியாது.

அவர் பெயர் ஜான் ஆலன் பிரௌன். டம்ஃப்ரீஸ் என்ற ஊரில் பிறந்து, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய மேக்கர்ஸ்டன் என்னும் சிற்றூரின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1852-இல் திருவிதாங்கூர் அரசின் வானாய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். 1855-இல் அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் அமைத்தார். ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில், காட்டு யானைகள் உலவும் மலையில், அன்றைக்கு அது எளிய வேலையல்ல. 1857-இல் அருங்காட்சியகம் திறந்தபோது அதன் முதல் இயக்குநர் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1859-இல் மிருகக்காட்சிசாலையும் தோட்டமும் தொடங்கின. இன்று நாம் காணும் அழகிய கட்டடம் 1880-இல் சிசோம் என்ற பொறியாளர் கட்டி முடித்தது. அதற்குப் பெயர் தந்த சென்னை கவர்னர் நேப்பியர் பிரபுவும் ஸ்காட்லாந்துக் குடும்பத்தவரே. ஓர் எல்லைப்புற ஊரிலிருந்து வந்தவர் வைத்த தோட்டத்தில், இன்னோர் எல்லைப்புற ஊர்க்காரர்களாகிய நாம் கடலை கொறித்துக்கொண்டு நடக்கிறோம்!

அங்கே ஒரு பெரிய மரத்தடியில் அம்மை நின்றார். அடிமரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அயினி" என்றார். மகள், "இல்ல பாட்டி, ஆஞ்ஞிலி" என்றாள். "ஆஞ்ஞிலி அவங்களுக்கு. நமக்கு அயினி. இதுல செஞ்ச கதவுதான் நம்ம பழைய வீட்டுல இருந்துது. அயினிச்சக்கை தின்னதில்லியா நீ?" என்றார். மகள் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். மூன்று பத்திகள் போட்டாள். தமிழ், மலையாளம், தாவரவியல் பெயர்.

அடுத்த வாரம் பாலோடு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகத் தென்காசிக்குச் செல்லும் சாலையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1979-இல் நிறுவப்பட்ட ஜவாஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் இங்கே 300 ஏக்கரில் பரந்து கிடக்கின்றன. மூங்கில் வகைகள், பனை வகைகள், ஆர்க்கிட் பூக்கள், மூலிகைகள் என்று தனித்தனிப் பிரிவுகள். காட்டுக்குள்ளேயே தோட்டம் வைத்தாற்போன்ற குளிர்ச்சி.

மூலிகைப் பகுதியில் அம்மையைப் பிடிக்க முடியவில்லை. ஆடாதோடை, கீழாநெல்லி, நொச்சி, தூதுவளை, சிறுகுறிஞ்சான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். இருமலுக்கு எது, குளிக்கும் தண்ணீரில் போடுவது எது என்றும் சொன்னார். காலை உணவை மறந்துவிடும் அம்மைதான்! ஆடாதோடைக்கு மலையாளத்தில் ஆடலோடகம் என்று மகள் பக்கத்திலேயே எழுதினாள். கொன்றை கேரளத்தின் மாநில மலர். கணிக்கொன்ன என்று அவளுக்குத் தெரியும். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். மலையாளத்தில் மேந்தோன்னி. "இது நம்ம வேலியிலயே கெடந்துதே, கலப்பைக் கிழங்கு! கையில தொட்டா உடனே கழுவணும், கிழங்கு விஷம்" என்றார் அம்மை. இரண்டு மாநிலங்களின் மலர்களும் ஒரே வேலியில் பூத்த ஊர் நம்முடையது.

பாலோட்டில் கேட்டறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1987-இல் இந்நிலையத்தோடு தொடர்புடைய அறிவியலாளர்கள் அகத்தியர் மலைக்காட்டில் நடந்து களைத்தபோது, உடன் வந்த காணி மக்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடந்தார்களாம். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை நிலையம் உருவாக்கியது. அதைத் தயாரிக்கும் உரிமை கோவை நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டபோது, கிடைத்த தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. அதைப் பெற 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்ட ஏற்பாடு இது. செடி காட்டில் காலமெல்லாம் நின்றது. அதை அறிந்து சொல்ல ஆள் இருந்ததால்தான் மருந்தாயிற்று.

திரும்பும் வழியில், ஓடைக்கரையில் வெள்ளைப்பூ பூத்த ஒரு செடியைக் காட்டி, "இது என்ன பாட்டி?" என்று கேட்டாள் மகள். அம்மை வெகுநேரம் பார்த்தார். "தெரியல்ல மக்ளே. எங்க அம்மைக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். நோட்டுப் புத்தகத்தில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதற்கு மேலே நாற்பத்தேழு பெயர்கள் இருக்கின்றன.

அன்பர்களே, அடுத்த விடுமுறையில் நீங்களும் சென்று வாருங்கள். மியூசியமும் மிருகக்காட்சிசாலையும் திங்கட்கிழமை விடுமுறை. பாலோட்டுக்குப் போகுமுன் பார்வையாளர் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அட்டைக்கடி உண்டு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்கட்டும். பூவையும் இலையையும் பறிக்க வேண்டாம். முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவர்களால் நடக்க முடியாது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

இன்னொரு செய்தி. எங்கள் தெற்கு வேலியை இடித்துவிட்டு மதில் கட்டுவதாக இருந்தோம். கல்லுக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று. பாலோட்டிலிருந்து வந்த மறுநாள் மகள் வேலி ஓரமாக நோட்டுப் புத்தகத்துடன் நடந்து, பதினொரு செடிகளுக்குப் பெயர் எழுதி வந்து காட்டினாள். இன்வெரூ தோட்டமும் வேலியில்தானே தொடங்கியது! முன்பக்கம் மட்டும் மதில் போதும் என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன்.